பழைய உடம்பை மறந்துவிட்டு ஆரம்பியுங்கள்: கருவியில்லாமல் வீட்டிலேயே உடற்பயிற்சிக்குத் திரும்ப ஒரு வழிகாட்டி

எழுபதைத் தாண்டிய என் அம்மா, சேலம் குமரகிரி முருகன் கோயில் படியில் பாதி வழியில் நின்று எனக்காகக் காத்திருந்தார். நான் நான்கு படி கீழே இடுப்பில் கைவைத்து இரைத்துக்கொண்டிருந்தேன். "அவசரமில்லையப்பா, நிதானமாக வா" என்றார். அவர் அம்மாப்பேட்டைக்குள் கடை, கோயில், சொந்தக்காரர் வீடு என்று நாளெல்லாம் நடந்துகொண்டிருப்பவர். நான் ஆறு வருடமாக நாற்காலியில் உட்கார்ந்து கணக்கெழுதுபவன். கல்லூரி நாட்களில் ஒரே மூச்சில் ஐம்பது தண்டால் எடுத்தவன் என்பது கூடுதல் அவமானம்.

அன்று மாலையே ரோஷம் வந்துவிட்டது. கூடத்தில் பாயை விரித்து அதே ஐம்பதுக்குக் குனிந்தேன். பதினெட்டில் கவிழ்ந்தேன். அத்தோடு விட்டிருக்கலாம், தவணை முறையில் மிச்சத்தையும் முடித்தேன். அடுத்த மூன்று நாள் தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை. வலது மணிக்கட்டு வலி தீர ஒன்றரை மாதம் ஆனது. அதுவரை பயிற்சி என்ற பேச்சே இல்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டுப் பதினொரு நாள் போனேன். அங்கேயும் முதல் நாளே பழைய எடையைத் தூக்கிக் காட்டியதுதான் நான் செய்த தவறு.

புதிதாக ஆரம்பிப்பவருக்குத் தன்னால் என்ன முடியும் என்று தெரியாது. அதனால் அவர் பயந்து பயந்து செய்வார், தப்பித்துக்கொள்வார். விட்டுவிட்டுத் திரும்புபவருக்குத் தெரியும் என்ற நினைப்பு இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முந்தைய இருப்பை வைத்து இன்றைக்குக் காசோலை எழுதுகிறார். கீழே உள்ளதெல்லாம் அந்தத் தவறைச் செய்யாமல் எட்டு வாரத்தில் திரும்பி வருவது எப்படி என்பதற்கான வழி.

முதலில் எது போனது, எது மிச்சம்

பயிற்சியை நிறுத்தினால் முதலில் கரைவது மூச்சுத் திறன். இரண்டு மூன்று வாரத்திலேயே உடலில் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது. இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவும் குறைகிறது. அதனால்தான் கால் வலிப்பதற்கு முன்பே படியில் மூச்சு வாங்குகிறது. தசையின் பலம் இதைவிட மெதுவாகக் குறையும். முன்பு ஒருமுறை கட்டிய பலம், முதல்முறை எடுத்துக்கொண்ட காலத்தைவிடச் சீக்கிரமாகத் திரும்பியும் வரும். இது நல்ல செய்தி.

கெட்ட செய்தி தசைநாண்களைப் பற்றியது. தசையை எலும்போடு கட்டிவைக்கும் இந்த நாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் அவை பலம் பெறுவதும் மெதுவாகத்தான். மூன்றாவது, நான்காவது வாரத்தில் தசை "நான் தயார்" என்று சொல்லும், குதிகாலுக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் தோளிலும் இருக்கும் நாண்கள் தயாராகியிருக்காது. திரும்பி வருபவர்கள் அடிபடுவது பெரும்பாலும் அந்த வாரங்களில்தான். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பஸ்ஸைப் பாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன என்று தெரிந்த டிரைவர், அடிவாரம் தாண்டியதும் கியரைக் குறைத்துக்கொள்கிறார். வண்டியில் வேகம் இல்லாமல் இல்லை, பாதை அப்படி.

யார் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்

நடந்தாலோ படியேறினாலோ நெஞ்சில் அழுத்தமோ வலியோ வருபவர்கள், காரணமில்லாமல் தலைசுற்றி மயங்கியவர்கள், இதய நோய் உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யக் கூடாது. கைக்கெட்டும் தூரத்தில் சர்க்கரையோ வெல்லமோ இருக்கட்டும். பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால் வெறுங்காலோடு செய்யாதீர்கள், அடிபட்டாலும் தெரியாது.

பயிற்சியின் நடுவே நெஞ்சு அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் "வாயுவாக இருக்கும்" என்று வெந்நீர் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

மற்றவர்கள் மெதுவாகத் தொடங்குவதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

முதல் நாள்: இருப்பைக் கணக்கெடுங்கள்

முதல் நாள் பயிற்சி வேண்டாம், சோதனை மட்டும் போதும். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் இதற்குப் போதுமான நோட்டுப் புத்தகம்.

கையில்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் பின்னால் வழுக்கும், அதனால்தான் சுவர். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அறுபதைத் தொட்ட ஆண் 14 முறைக்கும், பெண் 12 முறைக்கும் குறைவாக எழுந்தால் அந்த வயதின் சராசரிக்குக் கீழே என்று பொருள். நாற்பதுகளில் இருக்கும் நான் முதல் நாள் எழுந்தது 13. காலண்டர் தாள் இன்னும் இருக்கிறது.

அடுத்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்திருங்கள். எத்தனை இடத்தில் கை ஊன்றினீர்கள், எந்த முழங்காலைப் பிடித்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக, மாடிப்படியை இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டு ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். முக்கால்வாசியில் மூச்சுக்கு நிறுத்தினால் அதையும் எழுதுங்கள். இந்த மூன்று எண்களும் வெட்கப்படுவதற்காக எழுதப்படுவதில்லை. எட்டு வாரம் கழித்து, "ஒன்றும் மாறவில்லை" என்று மனம் சொல்லும்போது எடுத்துக் காட்டுவதற்கு.

இடமும் நேரமும்

ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். ஆனால் கோரைப்பாய் டைல்ஸில் நகரும். வியர்த்த கையோடு தண்டால் எடுக்கும்போது நகர்ந்தால் மூக்கு தரையில். கனமான ஜமுக்காளம் பரவாயில்லை, அதன் ஒரு முனையைச் சுவருக்கு முட்டுக்கொடுத்து விரியுங்கள். ஜமுக்காளத்துக்குப் பேர்போன பவானி நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது ரப்பர் விரிப்புக்குச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. நின்று செய்வதை வெறுந்தரையிலேயே செய்யலாம்.

நேரம் பற்றிச் சேலத்துக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் நம் மொட்டை மாடித் தளம் இரவு எட்டு மணிக்கும் உள்ளங்காலைச் சுடும். மாலைக் காற்று வாங்கிக்கொண்டு மாடியில் பயிற்சி என்பது மார்கழிக்குச் சரி, கோடைக்கு ஆகாது. கோடையில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள், அல்லது வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில் செய்யுங்கள். தொடங்குவதற்கு அரை மணிக்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர், முடித்தபின் இன்னொன்று. தலை கனத்து, குமட்டி, வியர்வை நின்றுபோனால் அன்றைக்கு அவ்வளவுதான். நிழலில் படுத்து உடம்பைக் குளிர வைக்க வேண்டும். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எந்த நேரமானாலும், ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு வேலைக்குப் பின்னால் அதை ஒட்டவையுங்கள். எங்கள் வீட்டில் பால் பாக்கெட் எடுத்து அடுப்பில் வைத்ததும் என் நேரம் தொடங்குகிறது. "காலையில் செய்வேன்" என்று முடிவெடுத்த நாட்களில் நான் ஒருபோதும் செய்ததில்லை. "பால் வைத்ததும்" என்று மாற்றிய பிறகு தவறியது குறைவு. (பால் இரண்டு முறை பொங்கியது தனிக் கதை.)

உடம்பைத் தயார்செய்தல்

ஐந்து நிமிடம். இருந்த இடத்திலேயே நடை, பிறகு முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி நடை, தோளை முன்னும் பின்னும் சுழற்றுதல், இடுப்பை வட்டமாகச் சுழற்றுதல், கணுக்காலை எட்டுத் திசைக்கும் திருப்புதல். நிற்கும் இடத்தில் லேசாக உடம்பு சூடேறினால் போதும். குளிர்ந்த தசையை இழுத்துப் பிடித்து நீட்டும் வேலை இப்போது வேண்டாம், அதைக் கடைசியில் செய்யலாம்.

உட்கார்ந்து எழுதல்

முதலில் நாற்காலி. பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, விரல்களைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி, மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக உட்காருங்கள். தொப்பென்று விழுந்தால் அந்த முறை கணக்கில் இல்லை. முழங்கால் கால்விரல் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும், உள்ளே மடங்கக் கூடாது. குதிகால் தரையை விட்டு எழக் கூடாது. எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

முழங்கால் வலித்தால் நாற்காலியில் இரண்டு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். வலியில்லாத உயரம் ஒன்று எல்லோருக்கும் இருக்கிறது, அங்கிருந்து தொடங்குங்கள். பத்துப் பத்தாக இரண்டு சுற்று எளிதானதும் ஒரு தலையணையை எடுங்கள். பிறகு இன்னொன்று. பிறகு உயரம் குறைந்த ஸ்டூல். அதற்கும் பிறகு ஒன்றுமில்லாமல், நம் பெரியவர்கள் பஸ்கி என்று சொல்வது.

தோப்புக்கரணம் இதே குடும்பம்தான், ஆனால் முழுவதும் கீழே இறங்குவதால் கடினமான பிள்ளை. பள்ளிக்கூடத்தில் தண்டனையாக ஐம்பது போட்ட நினைவில் முதல் வாரமே அதில் இறங்காதீர்கள். முழுக் குந்தலில் உட்காரும் திறன் நம் தாத்தா பாட்டிக்குப் பயிற்சியே இல்லாமல் இருந்தது, தினமும் கழிவறையில் குந்தினார்கள். மேல்நாட்டுக் கழிவறை வந்தபின் அந்தத் திறன் ஒரே தலைமுறையில் வீட்டை விட்டுப் போய்விட்டது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலியில்லாத அளவுக்கு இறங்கி, பத்து விநாடி குந்தியிருந்து எழுவதை ஆறாவது வாரத்துக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

தள்ளுதல்: தண்டாலுக்குப் படிக்கட்டு

தரைத் தண்டாலில் நம் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை இரு கைகளும் தாங்குகின்றன. எழுபது கிலோ மனிதர் ஒவ்வொரு முறையும் 45 கிலோவைத் தள்ளுகிறார் என்று கணக்கு வையுங்கள். முழங்காலை ஊன்றினால் அது ஏறத்தாழப் பாதி. இரண்டடி உயரத்தில் கை வைத்தால் பத்தில் நான்கு பங்கு. இந்த எண்களை முன்பே தெரிந்துகொண்டிருந்தால் என் மணிக்கட்டு தப்பியிருக்கும்.

முதல் வாரம் சுவர். ஒரு கை நீளத்துக்குச் சற்று அதிகமாகத் தள்ளி நின்று, மார்பு உயரத்தில், தோளைவிடக் கொஞ்சம் அகலமாகக் கை வையுங்கள். தலையிலிருந்து குதிகால் வரை ஒரே கோடு. இறங்கும்போது முழங்கை இரண்டு பக்கமும் சிறகு விரித்தாற்போல் போகாமல், பின்னோக்கிச் சாய்வாகப் போகட்டும். தோள்மூட்டுக்கு அதுதான் நல்லது. பதினைந்து எளிதாக வந்தால் சமையல் மேடை. விளிம்பை விரல்களால் பற்றிக்கொண்டால் மணிக்கட்டு மடங்குவதும் குறையும்.

மேடைக்குப் பிறகு படிக்கட்டு. மாடிப்படி உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல கருவி எந்தக் கூடத்திலும் கிடைக்காது. கீழே நின்று ஐந்தாவது படியில் கை வைத்துத் தொடங்குங்கள். பன்னிரண்டு வீதம் மூன்று சுற்று சுத்தமாக வந்தால் அடுத்த முறை நான்காவது படி. பிறகு மூன்றாவது. ஒவ்வொரு படி இறங்கும்போதும் எடை கொஞ்சம் கூடுகிறது. தரைக்கு வந்து சேரும்போது முழங்கால் ஊன்றிய தண்டாலே தேவைப்படாமல் போகலாம். நான் ஐந்தாவது படியிலிருந்து தரைக்கு வர பதினொரு வாரம் ஆனது. முதல் படியிலேயே மூன்று வாரம் நின்றேன். அப்படித்தான் ஆகும்.

இழுத்தல்: எல்லோரும் மறப்பது

வீட்டுப் பயிற்சிகளில் தள்ளுவதற்கு நூறு வழி இருக்கிறது, இழுப்பதற்கு வழி தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். ஆனால் நமக்குத் தேவை அதுதான். தறியில் குனிந்தவர், வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பவர், என்னைப்போலக் கணினி முன் கூனுபவர், பைக் ஓட்டுபவர் எல்லோருக்கும் தோள் முன்னால் விழுந்து முதுகு வளைந்திருக்கிறது. அந்தத் தோளோடு தண்டால் மட்டும் எடுத்தால் கூன் கூடத்தான் செய்யும்.

பழைய வீடுகளில் சுவரோடு சேர்த்துப் பதித்த சன்னல் கம்பி இருக்கும். முதலில் முழுப் பலத்தோடு ஆட்டிப் பாருங்கள். துளி அசைந்தாலும் அந்தச் சன்னல் வேண்டாம். அலுமினியச் சன்னல், கதவுக் கைப்பிடி, மாடிக் கைப்பிடிச் சுவரின் குழாய் எதுவும் வேண்டாம். உறுதியான கம்பி என்றால், பழைய கைத்தறி வேட்டி ஒன்றை முறுக்கி, இரண்டு கம்பிகளைச் சுற்றிவரக் கொடுத்து, இரு முனைகளையும் கைக்கு ஒன்றாகப் பிடியுங்கள். வெண்பட்டு வேட்டியை எடுத்துவிட்டு வீட்டில் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை.

பாதங்களைச் சுவருக்கு அருகே வைத்து, கை நீளும்வரை பின்னால் சாயுங்கள். இப்போது முழங்கை விலாவை உரசப் பின்னால் போகும்படி மார்பைச் சன்னலை நோக்கி இழுங்கள். மேலே ஒரு விநாடி நின்று, தோள்பட்டை எலும்புகள் இரண்டும் முதுகில் நெருங்குவதை உணர்ந்து, மூன்று எண்ணி இறங்குங்கள். நேராக நிற்க நிற்க எளிது. பாதத்தை முன்னே நகர்த்தி அதிகம் சாயச் சாயக் கடினம். எட்டில் தொடங்குங்கள்.

நல்ல கம்பி இல்லாத அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் குப்புறப் படுத்து, கட்டைவிரல் மேலே பார்க்கக் கைகளைப் பக்கவாட்டில் விரித்து, மார்பையும் கைகளையும் ஒரு சாண் தூக்கி மூன்று விநாடி நிறுத்தலாம். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை போலிருக்கும். பத்தாவது முறையில் தெரியும்.

மீதி மூன்று

இடுப்புக்கு: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, குதிகாலை ஊன்றி இடுப்பை மேலே தூக்குங்கள். உச்சியில் பிட்டத் தசையை இறுக்கி இரண்டு விநாடி நிறுத்தி இறக்குங்கள். நாளெல்லாம் உட்காருபவர்களின் கீழ்முதுகு வலிக்கு இது பலமுறை உதவுகிறது. பதினைந்து எளிதானால் ஒரு காலை நீட்டிக்கொண்டு மறுகாலால் மட்டும் தூக்குங்கள்.

நடு உடம்புக்கு: கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் ஒருசேர நீட்டுங்கள். முதுகில் ஒரு டம்ளர் மோர் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், சிந்தக் கூடாது. பக்கத்துக்கு எட்டு. நான்காவது வாரம் முழங்கை ஊன்றிய பலகை நிலையைச் (முழங்கையும் கால்விரலும் மட்டும் தரையில் ஊன்றி, குப்புற உடம்பை ஒரே கோடாக நிறுத்துவது) சேருங்கள், பதினைந்து விநாடியில் தொடங்கி முப்பது வரை. இடுப்பு தொய்ந்தபின் மூன்று நிமிடம் தாக்குப்பிடிப்பதால் கீழ்முதுகு கெடுவதைத் தவிர வேறு பயன் எனக்குத் தெரியவில்லை.

மூச்சுக்கு: மாடிப்படி. இரண்டு நிமிடம் நிதானமாக ஏறி இறங்கி, ஒரு நிமிடம் நடந்து, மறுபடி இரண்டு நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான அளவு. இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், முழங்காலுக்கு இறக்கம்தான் வேலை வைக்கும். மேட்டூர்த் தண்ணீர் குழாயில் வரும் நாளில் மாடிக்குக் குடம் சுமந்தீர்களா? அன்றைக்குப் படிப் பயிற்சி முடிந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள், நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

எட்டு வாரம்

திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள். நடுவே ஒரு நாள் இடைவெளி இருப்பதால்தான் தசை தேறுகிறது.

முதல் இரண்டு வாரம்: ஆறு அசைவும் ஒரே ஒரு சுற்று, ஒவ்வொன்றும் எட்டு முதல் பத்து. மொத்தம் பதினைந்து நிமிடம்கூட ஆகாது. "இவ்வளவுதானா?" என்று தோன்றும். தோன்றட்டும். இந்த இரண்டு வாரத்தில் பழக்கத்தை மட்டும்தான் கட்டுகிறோம்.

மூன்றாவது, நான்காவது வாரம்: இரண்டு சுற்று. எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள், படி இறங்காதீர்கள், தலையணையை எடுக்காதீர்கள். உடம்பு துள்ளும், விடக் கூடாது. முன்பு சொன்ன தசைநாண் ஆபத்து இங்கேதான்.

ஐந்தாவது, ஆறாவது வாரம்: மூன்று சுற்று, அசைவு பத்து முதல் பன்னிரண்டு. அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாளில் எல்லாச் சுற்றிலும் பன்னிரண்டைத் தொட்ட அசைவை மட்டும் ஒரு படி கடினமாக்குங்கள். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் கூட்டக் கூடாது.

ஏழு, எட்டு: இறங்கும் நேரத்தை நான்கு விநாடியாக நீட்டுங்கள். எடை கூட்டாமலே கனமாகும். எட்டாம் வாரக் கடைசியில் பழைய காலண்டர் தாளை எடுத்து அதே சோதனையைச் செய்யுங்கள். என் 13, அன்று 19 ஆகியிருந்தது.

எல்லா வாரத்துக்கும் பொது விதி ஒன்று: இன்னும் மூன்று முடியும் என்று தோன்றும்போதே நிறுத்துங்கள். கடைசி மூன்றில்தான் வடிவம் கெட்டு மூட்டு அடிபடுகிறது.

மற்ற நாட்களில் நடை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும் என்கிறது. முதல் வாரமே 150-ஐ எட்ட வேண்டியதில்லை. மூக்கனேரிக்கரை பக்கத்தில் இருப்பவர்கள் அங்கே நடக்கலாம். கடைவீதி நெரிசலில் இருப்பவர்கள் சாப்பிட்டதும் வீட்டைச் சுற்றிப் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. சாப்பாட்டுக்குப் பிந்தைய அந்தச் சிறு நடை, ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகத்தையும் தணிக்கிறது.

முடித்ததும் சட்டென்று உட்காராமல் இரண்டு நிமிடம் மெதுவாக நடந்து, பிறகு தொடை, கெண்டைக்கால், மார்பு ஆகியவற்றை இருபது விநாடி வீதம் நீட்டிவிடுங்கள்.

எந்த வலி, எந்த வேதனை

பயிற்சி செய்த மறுநாள் தொடங்கி, இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய், நான்கு நாளுக்குள் மறையும் மந்தமான வலி இயல்பானது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும், அசைந்தால் குறையும். அடுத்த பயிற்சி நாளிலும் மிச்சமிருந்தால் பாதி அளவு செய்யுங்கள்.

ஒரு பக்கம் மட்டும், ஒரே புள்ளியில், குத்துவது போலவோ மூட்டுக்குள்ளிருந்தோ வந்தால் அந்த அசைவை நிறுத்துங்கள். ஒரு படி எளிதாக்கியும் வலித்தால் இரண்டு வாரம் அதை விட்டு மற்ற ஐந்தைச் செய்யுங்கள். வீங்கினாலோ இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். என் மணிக்கட்டுக்கு நான் முதல் பத்து நாள் தைலம் மட்டும் தேய்த்தேன், ஓய்வு கொடுக்கவில்லை. தைலத்தின் மேல் தவறில்லை.

அரிதானது, ஆனால் தெரிந்திருக்க வேண்டியது: அளவுக்கு மீறிச் செய்த ஓரிரு நாளில் தாங்க முடியாத தசை வலியோடு சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால், தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்துக்குப் போகிறது என்று பொருளாக இருக்கலாம். நீண்ட இடைவெளிக்குப் பின், வெயில் காலத்தில், ரோஷத்தோடு செய்பவர்களுக்கு வருவது இது. உடனே ஆஸ்பத்திரி.

சாப்பாடு, சுருக்கமாக

பயிற்சியைத் தொடங்கியதும் பசி கூடும். பலர் எடை ஏறுவது அப்படித்தான். மாலையில் தட்டுவடை செட் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு "காலையில்தான் செய்தேனே" என்று சொல்வதில் நான் தேர்ந்தவன். பதினைந்து நிமிடப் பயிற்சி அந்தத் தட்டை ஈடுகட்டாது. எடைக்குச் சாப்பாட்டைத்தான் பார்க்க வேண்டும், பயிற்சி பலத்துக்கும் மூச்சுக்கும்.

புரதம் மட்டும் கவனம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம், அறுபது கிலோ என்றால் 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். சாம்பாரில் மிதக்கும் பருப்பை நம்பினால் கணக்கு உதைக்கும். சுண்டல், பொட்டுக்கடலை, தயிர், முட்டை, மீன் என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். மாவு, டப்பா எதுவும் இந்த அளவுப் பயிற்சிக்குத் தேவையில்லை.

விட்டுப்போகும் நாட்கள்

விட்டுப்போகும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வந்தால் வீடு முழுக்கச் சொந்தம், பாய் விரிக்க இடமிருக்காது. முகூர்த்த மாதம் வரும், காய்ச்சல் வரும், கணக்கு முடிக்கும் மார்ச் வரும்.

ஒரு வாரம் விட்டால், விட்ட இடத்திலேயே ஒரு சுற்றைக் குறைத்துக்கொண்டு தொடருங்கள். இரண்டு மூன்று வாரம் விட்டால் ஒவ்வொரு அசைவிலும் ஒரு படி பின்னால், இரண்டு சுற்று. ஒரு மாதத்துக்கு மேல் என்றால் நாற்காலிச் சோதனையை மறுபடி செய்துவிட்டு இரண்டாம் வாரத்திலிருந்து. காய்ச்சலுக்குப் பிறகு, மாத்திரை இல்லாமல் இரண்டு நாள் உடம்பு சூடில்லாமல் இருந்து, சாப்பாடு பிடிக்கத் தொடங்கிய பின் முதலில் நடை மட்டும். டெங்கு போன்றது என்றால் டாக்டர் சொல்லும் நாள் வரை அதுவும் வேண்டாம்.

விட்ட நாட்களை ஈடுகட்ட ஒரே நாளில் இரட்டிப்பாகச் செய்ய மட்டும் கூடாது. போன ஆடியில் பன்னிரண்டு நாள் விட்டேன். பதின்மூன்றாம் நாள் கை தானாகத் தரைக்குப் போனது. எழுந்து வந்து மூன்றாவது படியில் வைத்தேன், எட்டு எடுத்தேன், பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைத்தேன்.